நான்காவது கோடு

மெஷினைக் கழற்றுவதற்கு முன்பே அதில் முதலில் எதை வெட்டுவது என்று முடிவு செய்துவிட்டேன். கையகல அலுமினியத் தகடு. அதில் ஒரே வரி: 'அத்தான் மெஷினைக் கெடுத்தது நான்தான்.' என் மச்சான் அதைத் தன் கடை வாசலில், போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்கும்படி மாட்டவேண்டும். மாட்டுவதாக வாய்விட்டுச் சொன்னவன் அவன்தான். தகட்டை நானே வெட்டித் தருகிறேன் என்று பதில் சொன்னவன் நான். நான்கு வருடமாக எனக்குச் சோறு இறங்கியதே அந்த ஒரு பேச்சை நினைத்துத்தான்.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. எலெக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். நான் பம்ப் கம்பெனியில் ஃபிட்டர். கார் வாங்குவோம் என்று நம்பிக் கட்டிய ஷெட்டில், கார் வராததால், இருவரும் சேர்ந்து ஒரு சின்ன சி.என்.சி. மெஷின் கட்டினோம். கம்ப்யூட்டரில் படம் கொடுத்தால் தானாக நகர்ந்து உலோகத்தைச் செதுக்குகிற மெஷின். இரும்பு வேலை முழுக்க என்னுடையது. மோட்டாருக்கு உத்தரவு போடுகிற கன்ட்ரோல் பெட்டி அவனுடையது.

பொழுதுபோக்காகத்தான் ஆரம்பித்தோம். ஆறு மாத ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே போயின. சாவிக்கு வளையம் வெட்டினோம், வீட்டுக்கு எண் வெட்டினோம். அப்புறம்தான் பார்வையற்றோர் பள்ளியிலிருந்து கேட்டார்கள். கதவுக்குக் கதவு மாட்டப் பன்னிரண்டு தகடு வேண்டும், விரலால் தடவிப் படிக்கிற மாதிரி புடைத்த புள்ளிகளாக. இது வகுப்பறை, இது நூலகம், இது சமையலறை என்று. பள்ளியிலிருந்து வந்த கடிதத்தில் என் பெயர் மட்டும்தான் இருந்தது. மச்சான் அதை வாங்கிப் படித்துவிட்டு, "என் பேரு எங்க அத்தான், மடிச்ச இடத்துல போயிடுச்சா?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை அன்றே நான் கவனித்திருக்க வேண்டும் என்று பிற்பாடு எத்தனையோ முறை நினைத்துக்கொண்டேன்.

தகடுகளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு இருவரும் போனோம். தலைமையாசிரியைக்கும் பார்வை கிடையாது. வாத்தியார்கள் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றார்கள். அவர் ஒரு தகட்டை மடியில் வைத்து, ஆள்காட்டி விரலை இடமிருந்து வலமாக ஓட்டினார். பாதியில் விரல் நின்றது. திரும்ப முதலிலிருந்து வந்தது. மறுபடியும் அதே இடத்தில் நின்றது.

"'சமை' வரைக்கும் வருது," என்றார். "அதுக்கப்புறம் எழுத்தே இல்லையே. வெறும் புள்ளியா இருக்கு."

எங்களுக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது; பள்ளி கொடுத்த புள்ளிப் படத்தைப் பார்த்துத்தான் வெட்டியிருந்தோம். எங்கள் கண்ணுக்குப் பன்னிரண்டும் அழகாகத்தான் இருந்தன. மெஷின் வெட்டிக்கொண்டே போகும்போது கொஞ்சம் கொஞ்சமாக இடம் தவறிப் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கியிருக்கின்றன. பன்னிரண்டிலும் அதே கதை. பின்னால் நின்ற ஒரு வாத்தியார் தொண்டையைச் செருமினார். என் முகத்தில் ஈயாடவில்லை. என்ன ஆயிற்று என்று பார்த்து நாளைக்கு வந்து சொல்லுங்கள் என்று அந்த அம்மா மரியாதையாகத்தான் அனுப்பி வைத்தார்.

வீட்டுக்கு வந்து மெஷினின் மூடிகளைக் கழற்றினேன். இங்கே எங்கள் தொழில் பழக்கம் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். கம்பெனியில் ஒரு ஸ்க்ரூவை முறுக்கி முடித்ததும், அதன் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் பெயின்டால் ஒரு கோடு போடுவோம். கோடு நேராக இருந்தால் ஸ்க்ரூ அசையவில்லை என்று அர்த்தம். உடைந்து விலகியிருந்தால் யாரோ திருகியிருக்கிறார்கள், அல்லது தானே கழன்றிருக்கிறது. வீட்டில் பெயின்ட் இல்லாததால் நான் என் மனைவியின் சிவப்பு நெயில் பாலிஷில் கோடு போட்டிருந்தேன். மோட்டாரையும், தகடு வைக்கிற மேஜையை நகர்த்தும் திருகுதண்டையும் இணைக்கிற கப்ளிங் இரண்டு. ஒன்றுக்கு இரண்டு ஸ்க்ரூ, ஆக நான்கு கோடு. அன்று பார்க்கிறேன், மூன்று கோடு உடைந்து விலகியிருக்கிறது. நான்காவது மட்டும் போட்டது போட்டபடி இருக்கிறது.

அந்த மூன்றையும் ஸ்க்ரூ முறுக்குகிற ஆலன் கீயால் அசைத்துப் பார்த்தேன். இறுக்கமாக இருந்தன. தானே கழன்றிருந்தால் இறுக்கமாக இருக்குமா? யாரோ திருகிவிட்டு, பயந்துபோய்த் திரும்ப முறுக்கியிருக்கிறார்கள். ஷெட்டுக்குள் வருவது இரண்டே பேர். கடிதத்தில் பெயர் வராத கோபம் யாருக்கு? எனக்கு எல்லாம் வெட்ட வெளிச்சமாகிவிட்டது.

மறுநாள் தலைமையாசிரியையின் அறையில், அத்தனை வாத்தியார்களுக்கும் முன்னால், சுவரோரமாக நின்ற மச்சானைக் கைநீட்டிச் சொன்னேன். "இவன் வேணும்னே செஞ்சிருக்கான். என் ஸ்க்ரூவைத் திருகியிருக்கான். நாலு கோட்டுல மூணு உடைஞ்சிருக்கு. பெட்டியிலயும் என்னத்தையோ பண்ணி வெச்சிருக்கான். பேரு வரலைன்னு வயித்தெரிச்சல்."

"அத்தான், அந்தப் பக்கமே நான் கை வைக்கலை. அக்கா மேல சத்தியமா," என்றான். நான் விடவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டேன். கடைசியில் அவனுக்கும் ரோஷம் வந்துவிட்டது. "நான்தான்னு நிரூபிங்க. என் கடை வாசல்லயே எழுதி மாட்டிக்கிறேன்."

"தகட்டை நானே வெட்டித் தரேன்டா," என்றேன்.

அதோடு சரி. மெஷின்மேல் பழைய படுக்கை விரிப்பைப் போட்டு மூடினேன். அவன் இருக்கிற இடத்தில் நான் இருக்கமாட்டேன், நீயும் இருக்கக்கூடாது என்று மனைவியிடம் சொன்னேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை. நான்கு வருடம் ஓடிவிட்டது.

ஆறினாலும் ஆறியிருக்கும். இரண்டு மாதத்துக்கு முன்னால் பஸ் அந்தப் பள்ளி வாசலில் நின்றது. கேட்டுக்குப் பக்கத்தில் புதிதாக மின்சார மணி ஒன்று மாட்டியிருந்தார்கள். அதன்கீழே மச்சான் கடை ஸ்டிக்கர். என் முகத்தில் கரியைப் பூசிவிட்டு, அதே இடத்தில் போய் மணி மாட்டிச் சம்பாதிக்கிறான். இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப்போய்த் திரும்பி நடந்து வந்தேன்.

அந்த வாரமே புதிய கன்ட்ரோலர் கார்டு, மோட்டாரை ஓட்டுகிற டிரைவர் கார்டுகள், புது கேபிள், லிமிட் ஸ்விட்ச் எல்லாம் வாங்கினேன். கணக்கு எளிமையானது. அவன் கைபட்ட கன்ட்ரோலை அடியோடு எடுத்துவிட்டுப் புதியது போடுவேன். இரும்பு வேலை என்னுடையது, அதைத் தொடமாட்டேன். அப்போது மெஷின் சரியாக வெட்டும். வெட்டினால், அன்று கெட்டது யாரால் என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை. அதே 'சமையலறை' தகட்டை மறுபடி வெட்டுவேன். ஒரு கையில் அது, இன்னொரு கையில் மச்சானின் ஒப்புதல் தகடு. இரண்டையும் கொண்டுபோய் அந்த அம்மா மேஜையில் வைப்பேன்.

பழைய பெட்டியைத் திறந்தபோது எரிச்சல் இன்னும் கூடியது. அவ்வளவு ஒழுங்கு. ஒவ்வொரு வயருக்கும் சின்ன காகிதத்தில் எண் எழுதி, மேலே டேப் ஒட்டியிருந்தான். கட்டுகள் எல்லாம் ஒரே இடைவெளியில். சால்டர் வைத்த இடங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். விட்ட இடம், உரசிய இடம், சும்மா ஒட்டிக்கொண்டிருந்த இடம், ஏதாவது ஒன்று கிடைக்காதா என்று அரை நாள் தேடினேன். கிடைக்கவில்லை. கள்ளன், தடயமே விடவில்லை என்று திட்டிக்கொண்டு வயர்களை வெட்டிப் பெட்டியைப் பிடுங்கி மூலையில் எறிந்தேன்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் புதிய வயரிங். நான் கேபிளை இழுக்கிற அழகுக்கு அது கயிறு திரிப்பு மாதிரிதான் இருந்தது. இருந்தாலும் செய்து முடித்தேன். மேஜை ஓடி முட்டிக்கொள்ளாமல் நிறுத்துகிற ஸ்விட்சுகளை இரண்டு முறை தலைகீழாக இணைத்து, இரண்டு முறையும் என்னையே திட்டிக்கொண்டு மாற்றினேன். கார்டின் சிவப்பு விளக்கு பச்சையானபோது ஷெட்டில் தனியாக நின்று சிரித்தேன். கப்ளிங் மூடிகளை மட்டும் திறக்கவே இல்லை. உள்ளே அந்த மூன்று உடைந்த கோடுகள் இருந்தன. போலீஸ் வரும்வரை யாரும் தொடக்கூடாது என்பது மாதிரி, சாட்சிக்காக அப்படியே வைத்திருந்தேன்.

நான்காவது ஞாயிறு மாலை நாலு மணிக்கு மச்சானை வரச்சொல்ல ஏற்பாடு. நானா போன் செய்வேன்? மனைவியிடம் சொன்னேன். அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"டேய், ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வர்றியா? அத்தான்தான்டா கூப்பிடச் சொன்னார்."

அந்தப் பக்கம் அவன் என்ன சொன்னானோ, இவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சமாதானம் என்று நினைத்துவிட்டாள். நான் திருத்தவில்லை. வரட்டும், வந்தபின் தெரியும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

அந்த ஞாயிறு மதியம் சாப்பிட்டதும் கடைசிச் சோதனைக்கு உட்கார்ந்தேன். கடிகார முகம் வைத்த டயல் கேஜ் ஒன்று உண்டு. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு நகர்ந்தாலும் முள் காட்டிவிடும். மேஜையின் ஓரத்தில் அதை நிறுத்தி முள்ளைப் பூஜ்யத்தில் வைக்கவேண்டும். மேஜையைத் தூர அனுப்பித் திரும்ப வரவழைக்கவேண்டும். முள் பூஜ்யத்துக்கே வந்தால் மெஷின் யோக்கியம். நான் கம்ப்யூட்டர் பக்கம் இருந்ததால் முள்ளைப் படிக்க மனைவியைக் கூப்பிட்டேன். அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். நாளெல்லாம் புள்ளிக்குப் பின்னால் வருகிற எண்களைத்தான் படிக்கிறாள்.

மெதுவாக ஓட்டினேன். "பூஜ்யம்," என்றாள். மறுபடி. "பூஜ்யம்." சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. இனி வேகமாக, பள்ளித் தகடு வெட்டிய அதே வேகத்தில், பத்து முறை போய்வரச் சொன்னேன். மேஜை சரக் சரக் என்று போய்வந்து நின்றது.

"பதினெட்டு," என்றாள்.

"சரியாப் பாரு."

"பதினெட்டுங்க."

திரும்ப ஓட்டினேன். "முப்பத்தஞ்சு." கார்டில் உள்ள எண்களைச் சரிபார்த்தேன். கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். மின்சாரம் குறைவாக வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்தேன். புது கார்டு விற்றவனின் பரம்பரையையே திட்டினேன். கடைசியில், நீ தலையைச் சாய்த்துப் பார்க்கிறாய், அதனால்தான் முள் தப்பாகத் தெரிகிறது என்று அவளையே சொன்னேன்.

"நான் இதைவிடச் சின்ன எண்ணுல சர்க்கரை இருக்கு, இல்லைன்னு சொல்றவ," என்றாள். "ஐம்பத்தொண்ணு. வேணும்னா நீங்க வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். ஐம்பத்தொன்றுதான். அரை மில்லிமீட்டர். இரண்டு பேரும் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"அன்னைக்கும் இப்படித்தானே ஆச்சு?" என்றாள். "ஆனா இப்போ அவன் பெட்டி இல்லையே."

அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை. சும்மா, யோசித்துப் பார்த்துச் சொன்னாள். வேறு வழியில்லாமல், நான்கு வருடமாகத் திறக்காத மூடியைக் கழற்றினேன். உடைந்த கோடுகள் அப்படியே இருந்தன. நான்காவது கோடு, திருகுதண்டுப் பக்கம், ஒரு கீறல்கூட இல்லாமல் நேராக இருந்தது.

"இது சரியா இருக்கு பாரு. யாரும் தொடாத ஒரே ஸ்க்ரூ இதுதான்," என்றேன்.

அவள் குனிந்து பார்த்தாள். "என் நெயில் பாலிஷ்தானே இது? அன்னைக்கு நான் வெளியே கிளம்பிட்டு இருந்தேன். பாட்டிலைக் குடுங்கன்னு கேட்டதுக்கு, இரு இருன்னு நாலுலயும் கோடு போட்டுட்டு, இந்தா பிடின்னு தூக்கிக் குடுத்தீங்க. அதுக்கப்புறம்தான் அந்த வளைஞ்ச சாவியை எடுத்தீங்க. நான் வாசல்ல நின்னு நகத்தை ஊதிக்கிட்டே பார்த்துட்டு இருந்தேன்."

வளைந்த சாவி என்று அவள் சொன்னது ஆலன் கீயை.

முறுக்கிவிட்டுக் கோடு போடுவதுதான் முறை. இருபத்தைந்து வருடப் பழக்கம். அன்று ஒரே ஒரு நாள், பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கிற அவசரத்தில், முதலில் கோடு போட்டிருக்கிறேன், அப்புறம் முறுக்கியிருக்கிறேன். முறுக்கியதும் கோடு உடையத்தானே செய்யும். மூன்று கோடு உடைந்தது, மூன்றை நானே முறுக்கியதால். வேறு யாரும் தொடவில்லை. நான்காவது உடையாமல் இருப்பது, அதை நான் முறுக்கவே இல்லை என்பதால்.

ஆலன் கீயை அதில் வைத்தேன். விரல் நுனியிலேயே திரும்பியது. கால் சுற்று, அரைச் சுற்று, ஒன்று, ஒன்றரை. அதற்கப்புறம்தான் பிடித்தது. நெயில் பாலிஷ் நொறுங்கி, தலைமேல் இருந்த கோடு எதிர்ப்பக்கம் போய் நின்றது. மேஜையை வேகமாகப் பத்து முறை ஓட்டினேன்.

"பூஜ்யம்," என்றாள்.

இருபது முறை. "பூஜ்யம்."

மணி மூன்று. அப்போது எனக்குத் தோன்றியதை மறைக்கப்போவதில்லை. மெஷின் இப்போது சரியாக வெட்டும். கன்ட்ரோல் புதியது. யாருக்குத் தெரியும்? பழைய கோட்டைச் சுரண்டிவிட்டுப் புதுக்கோடு போட்டால் முடிந்தது. நாலு மணிக்கு அவன் வருவான், நான் நினைத்த எல்லாம் நினைத்தபடியே நடக்கும். நான்கு வருடமாகக் கறுவிக்கொண்டிருந்தவனுக்கு, அதை அப்படியே கீழே போட மனம் வரவில்லை. ஒரு நிமிடம் நின்றுவிட்டு, "பாட்டில் இருக்கா?" என்று அவளிடம் கேட்டேன்.

அவள் உள்ளே போய் நெயில் பாலிஷை எடுத்துவந்து கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்தாள். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை.

"அம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்போ," என்றாள், "காலையில நான் போவேன், சாயங்காலம் அவன் வருவான். கட்டில் பக்கத்துல ஒரே நாற்காலி. நான் எழுந்து போனா அவன் வந்து உக்காருவான். நாப்பது நாள். ஒரு நாள்கூட ரெண்டு பேரும் சேர்ந்து அம்மாகிட்ட நிக்கலை. நீங்க சொன்னீங்கன்னு. அம்மா கடைசி வரைக்கும் கேட்டுட்டே இருந்தாங்க, ஏண்டி நீங்க ரெண்டு பேரும் சண்டையான்னு."

நான் தலையைத் தூக்கவில்லை.

"நான் அவன்கிட்ட எதுவும் சொல்லமாட்டேன். பயப்படாதீங்க. நீங்க கோடு போட்டுக்குங்க. அவன் வந்ததும் தகட்டை அவன் கையில குடுங்க. நான் பக்கத்துல நின்னு பார்த்துட்டு இருப்பேன். இன்னைக்கு மட்டுமில்ல. நீங்க சாப்பிடும்போது பார்ப்பேன், தூங்கும்போது பார்ப்பேன், உயிர் இருக்கிற வரைக்கும் பார்த்துட்டே இருப்பேன்."

சொல்லிவிட்டு டயல் கேஜைக் கழற்றித் துடைத்து அதன் பெட்டியில் வைத்தாள். எனக்கு மச்சான்மேல் இருந்த ஆத்திரம் முழுக்க, போக இடமில்லாமல், என் பக்கமே திரும்பியது. பாட்டிலைக் கையில் எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். மூடியைத் திறக்கவில்லை.

நாலு மணிக்குச் சரியாக மச்சான் வந்தான். தலை நரைக்க ஆரம்பித்திருந்தது. ஷெட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே நின்றான். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஏதோ ஒன்று. அக்காவைப் பார்த்துச் சிரிக்கவும் முடியாமல், என்னைப் பார்க்கவும் முடியாமல், நேராக அதைப் பிரித்து என்னிடம் நீட்டினான்.

அலுமினியத் தகடு. யாரிடமோ கொடுத்து எழுதி வாங்கியிருந்தான். 'தவறு என்னுடையது.' கீழே அவன் கடைப் பெயர். மாட்டுவதற்கு நாலு மூலையிலும் ஓட்டை.

"நான் செய்யலை அத்தான்," என்றான். "அதை இப்பவும் சொல்லுவேன். ஆனா இனிமே என்னால முடியலை. நான்தான்னே வெச்சுக்குங்க. நாளைக்கே வாசல்ல மாட்டிடறேன். அக்கா வீட்டுக்கு வரப்போக இருக்கணும், அவ்வளவுதான்."

நான் அதை வாங்கினேன். ஒப்புக்கொள்கிறேன், கை தானாகவே நீண்டு வாங்கிவிட்டது. நான்கு வருடம் நான் கனவில் கண்ட தகடு, நான் வெட்டாமலேயே என் கைக்கு வந்துவிட்டது. மனைவி சொன்னபடியே பக்கத்தில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தகடு கனமே இல்லை. என்னால்தான் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"உள்ளே வா," என்றேன். "வந்து கோட்டைப் பாரு."

அவன் குனிந்து கப்ளிங்கைப் பார்த்தான். அவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அந்த நான்கு கோடுகளையும் அவன் என்னைவிட அதிகமாக நினைத்திருப்பான்.

"நாலாவதும் உடைஞ்சிருக்கே."

"ஆமா."

"எப்போ?"

"இன்னைக்கு. மூணு மணிக்கு."

"எத்தனை சுத்து போச்சு?"

"ஒன்றரை."

"ஒன்றரை சுத்து," என்றான். நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். மூலையில் கிடந்த தன் பழைய பெட்டியையும் வெட்டப்பட்ட வயர்களையும் பார்த்தான். ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"முதல்ல கோடு போட்டேன். அப்புறம் முறுக்கினேன். இதை முறுக்க மறந்துட்டேன்," என்றேன். "நீ தொடவே இல்லை. என்னை என்ன வேணும்னாலும் சொல்லு."

திட்டுவான் என்று நினைத்தேன். ஓர் அறை விட்டிருந்தாலும் வாங்கியிருப்பேன். அவன் என் கையிலிருந்த தகட்டைப் பிடுங்கி, பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். வெற்று உலோகம்.

"இதுல வெட்டுங்க. நான் சொல்றதை."

"சொல்லு."

"எழுத்துல வேணாம். ஸ்கூல்ல அந்தம்மாவால படிக்க முடியாது. புள்ளியில வெட்டுங்க. அவங்க முன்னாடிதானே சொன்னீங்க."

"அந்த எழுத்து நமக்கு..."

"எனக்குத் தெரியும். அன்னைக்கு எங்க தப்பு நடந்துச்சுன்னு பார்க்கணும்னே படிச்சேன். அந்தம்மாகிட்டதான் போய்ப் படிச்சேன். மணி மாட்டினதெல்லாம் அதுக்கப்புறம்." கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தான். கோட்டைப் பார்த்தபின் அவன் ஒருமுறைகூட என்னை அத்தான் என்று கூப்பிடவில்லை என்பதைக் கவனித்தேன்.

அவன் புள்ளிகளை வரிசைப்படுத்திக் கொடுத்தான். நான் தகட்டைக் கவிழ்த்து இறுக்கினேன். புதிய கன்ட்ரோலில் அந்த மெஷின் வெட்டிய முதல் வேலை அதுதான். சுற்றியிருக்கும் உலோகம் சுருள் சுருளாகக் கழன்று, புள்ளிகள் மட்டும் மேடாக நின்றன. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. மூன்று பேரும் நின்றுகொண்டே பார்த்தோம். முடிந்ததும் மச்சான் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினான். ஓரிடத்திலும் விரல் நிற்கவில்லை.

"நாளைக்குக் காலையில நீங்களே கொண்டுபோய் அவங்க கையில குடுக்கணும்," என்றான். "வாத்தியாருங்க எல்லாரும் இருக்கணும். நான் சுவரோரமா நிக்கறேன், அன்னைக்கு நின்ன இடத்துல. அக்காவும் வரட்டும்."

மறுநாள் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டுப் போனேன். அதே அறை. வாத்தியார்களில் இரண்டு மூன்று பேர் புதியவர்கள். தொண்டையைச் செருமியவர் அப்படியே இருந்தார். நான் சட்டையை இஸ்திரி போட்டிருக்கவில்லை. தலைமையாசிரியை தகட்டை மடியில் வைத்து, விரல் ஓட ஓட வாய்விட்டுப் படித்தார்.

"மச்சான்... கை... வைக்கவில்லை. ஸ்க்ரூவை... முறுக்காமல்... விட்டது... நான்."

'நான்' என்கிற இடத்தில் விரல் கொஞ்ச நேரம் நின்றது. திரும்ப முதலுக்கு வந்து, மறுபடியும் கடைசி வரை போனது.

"இந்தத் தடவை புள்ளியெல்லாம் சரியா இருக்கு," என்றார். பிறகு, என் மூச்சு கேட்ட பக்கம் முகத்தைத் திருப்பி, "இதை எந்தக் கதவுல மாட்டறது?" என்று கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் சுவரோரத்திலிருந்து பதில் வந்தது. "இந்த ரூம் கதவுலயே மாட்டலாம் டீச்சர். சொன்னது இங்கதானே."

மாட்டவேண்டியதை எல்லாம் கையோடு கொண்டுவந்திருந்தான். பையிலிருந்து நாலு ஸ்க்ரூவையும் திருப்புளியையும் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். வாத்தியார்கள் வழிவிட்டார்கள். மனைவி தகட்டை நேராகப் பிடித்துக்கொள்ள, நான் ஒவ்வொன்றாக முறுக்கினேன். அவள் கண் என் கையைவிட்டு நகரவில்லை. முடித்துவிட்டு விலகி நின்றேன். மச்சான் வந்து என் கையிலிருந்து திருப்புளியை வாங்கி, நாலையும் வரிசையாகச் சோதித்தான். நான்காவதை மட்டும் இரண்டு முறை முறுக்கிப் பார்த்தான். அது அசையவில்லை.